நாடியில் முதலிடம்

எங்கள் பூங்காவில் நாடித் துடிப்புக்கு ஒரு போட்டி நடந்துகொண்டிருந்தது. யாரும் அதைப் போட்டி என்று அறிவிக்கவில்லை. காலை நடை முடிந்து, லஸ் பக்கத்துப் பூங்காவின் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்ததும், ஆளாளுக்கு மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். எழுபத்திரண்டு என்பார் ஒருவர். அறுபத்தெட்டு என்பார் இன்னொருவர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சம்பத் சார் அறுபத்திரண்டு என்று சொல்லிவிட்டுக் கால்மேல் கால் போட்டுக்கொள்வார். குறைந்த எண் உள்ளவருக்குத்தான் மதிப்பு. மெதுவாகத் துடிக்கும் இதயம் நெடுநாள் துடிக்கும் என்பது அந்த பெஞ்சின் கொள்கை.

சென்ற தீபாவளிக்கு என் தம்பி மகன் கார்த்திக் எனக்கும் அப்படியொரு கடிகாரம் வாங்கித் தந்தான். பெஞ்சில் உட்கார்ந்து முதல்முறை பார்த்தபோது நாற்பத்து நான்கு காட்டியது. கடிகாரம் சரியில்லை என்றார் சம்பத் சார். தன்னுடையதைக் கழற்றி என் கையில் கட்டிப் பார்த்தார். நாற்பத்து மூன்று.

“மேடம், நீங்க மனுஷியா, ஆமையா? ஆமைக்குத்தான் இப்படி மெதுவா அடிக்கும். அது இருநூறு வருஷம் இருக்கும்.”

“இருநூறு வேண்டாம் சார், நூறு போதும். மிச்சத்த உங்க பேர்ல எழுதி வச்சிடறேன்.”

அன்றிலிருந்து நான் ஆமை மேடம். புதிதாக நடைக்கு வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, “இவங்க நாடிய கேளுங்க” என்பார்கள். நானும் சொல்வேன். அதோடு நிறுத்தாமல் இரவுச் சாப்பாட்டை இருட்டுமுன் முடிப்பது, சர்க்கரை இல்லாத காபி, மூச்சுப் பயிற்சி என்று காரணங்களையும் அடுக்குவேன். தி. நகரில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசகர் வட்டம், எழுபதுக்குப் பின் நலமாக வாழ்வது பற்றிப் பேச என்னை அழைத்திருந்தது. அந்தப் பேச்சு நடக்கவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதிக் கொடுக்கிறேன். வட்டத்தில் பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள். ஆகவே மருத்துவச் சொற்களை எனக்குப் புரிந்த அளவில் விளக்கியே எழுதுகிறேன்.

நானும் என் தங்கை மல்லிகாவும் மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில், லிஃப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். எனக்கு எழுபத்து மூன்று வயது. அவளுக்கு அறுபத்தெட்டு. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் கணவர் இறந்த பிறகு என்னோடு வந்து சேர்ந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியையாக இருந்தவள். நான் ஒரு அரசு அலுவலகத்தின் பதிவேட்டுப் பிரிவில் இருந்தவள். எதற்கும் தேதி போடும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. சிலிண்டர் மாற்றிய நாள், பருப்பு டப்பா நிரப்பிய நாள், மின்விசிறி துடைத்த நாள் என்று எல்லாவற்றையும் காலண்டரில் குறிப்பேன். கல்வெட்டு ஆராய்ச்சியானாலும் துப்பறியும் கதையானாலும், என் புத்தகங்களின் முதல் பக்கத்தில் வாங்கிய தேதியும் கடைசிப் பக்கத்தில் படித்து முடித்த தேதியும் இருக்கும். “நம்ம வீட்ல சட்னிக்குக்கூட பிறந்தநாள் உண்டு” என்பாள் மல்லிகா.

எங்கள் வீட்டுச் சாவிக்கும் ஒரு தேதி இருந்தது. வாசலில் மரக்கதவுக்கு வெளியே ஓர் இரும்புக் கிரில் கதவு. அதை எந்நேரமும் உள்பக்கமாகப் பூட்டு போட்டுப் பூட்டிவைப்போம். சாவியை ஆணியில் மாட்டினால் ஜன்னல் வழியாகக் குச்சி விட்டு எடுத்துவிடுகிறார்கள் என்று எப்போதோ செய்தித்தாளில் படித்தேன். அதிலிருந்து சாவியை ஒளித்துவைக்கத் தொடங்கினேன். ஒரே இடத்தில் வைத்தால் வந்து போகிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால், ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி காலையில் இடத்தை மாற்றிவிட்டு மல்லிகாவிடம் சொல்வேன். ஜனவரியில் பஞ்சாங்கத்துக்குப் பின்னால். பிப்ரவரியில் சுக்கு டப்பாவுக்குள்.

எதிர்வீட்டில் தேவகி இருக்கிறாள். இட்லி மாவு அரைத்து விற்பவள். அவள் கணவர் செல்வம் வடபழனிப் பக்கம் சினிமா செட் போடும் தச்சர். “ஒரு சாவிய என் கைல குட்த்து வைக்கா. ரெண்டு பேரும் வயசானவங்க. நாளைக்கு ஒரு அவசரம்னா இன்னா பண்ணுவ?” என்று தேவகி பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சாவியைக் கொடுத்தால் அவள் நாள் முழுதும் எங்கள் கூடத்தில்தான் இருப்பாள், நான் படித்தாற்போலத்தான் என்று தட்டிக்கழித்துவந்தேன்.

மார்கழி முடிந்ததிலிருந்தே மாடி ஏறுவது கஷ்டமாக இருந்தது. முதல் மாடித் திருப்பத்தில் மின்சார மீட்டர்கள் வரிசையாக இருக்கும். அங்கே நின்று மீட்டர் பார்ப்பதுபோல் மூச்சு வாங்குவேன். “என்னக்கா, தினமும் ரீடிங் எடுக்கற? வேலைக்குச் சேந்துட்டியா?” என்றாள் மல்லிகா. ஒருநாள் தி. நகர் புடவைக் கடையில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கூட்டத்தின் புழுக்கம் என்றேன். இத்தனை நல்ல நாடி உள்ளவளுக்கு நோய் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மார்ச் ஒன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, கூடத்தில் நின்றபடி காலண்டரில் பிப்ரவரித் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தேன். அதுவரைதான் நினைவிருக்கிறது.

மயக்கம் தூக்கத்தைப் போன்றது என்று பலர் நினைக்கிறார்கள். தூக்கத்துக்கு ஓர் ஓரம் உண்டு, அதன் வழியாக உள்ளே போகிறோம். இதற்கு ஓரமே இல்லை. கையில் காலண்டர் தாள் இருந்தது. அடுத்ததாக என் தலை மல்லிகாவின் மடியில் இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை.

கண்ணைத் திறந்ததும் நான் பார்த்தது வாசலைத்தான். பனியன் போட்ட ஓர் ஆள், கையில் ஆக்சா பிளேடோடு, எங்கள் கிரில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தான். இத்தனை வருடம் நான் எதிர்பார்த்திருந்த திருடன் இவன்தான் என்று முடிவு செய்தேன்.

“யார்றா நீ?”

“நான்தாம்மா, செல்வம். எதிர் வூட்டு செல்வம்.”

அவருக்குப் பின்னாலிருந்து தேவகியின் குரல் வந்தது. “அக்கா கண்ண தொறந்துக்கிச்சு! பேசுது! திட்டுது! இனிமே பயம் இல்ல!”

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, செல்வமும் கீழ்வீட்டுக்காரரும் என்னைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார்கள். ஆம்புலன்ஸில் அடையாறுக்குப் போகும் வழியில், “பூட்ட எதுக்கு அறுத்தாங்க மல்லி? நல்ல பூட்டாச்சே” என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பதற்றத்தில் சாவி இருக்கும் இடம் மறந்திருக்கும் என்று நினைத்தேன்.

அவசரப் பிரிவில் ஈசிஜி எடுத்தார்கள். இதயத்தில் ஓடும் மின்சாரத்தைக் கோடுகளாக வரைந்து காட்டும் சோதனை அது. வலி எதுவும் கிடையாது. நெஞ்சில் ஒட்டும் வில்லைகள்தான் சில்லென்று இருக்கும். வரைபடத்தாளைப் பார்த்த மருத்துவர், என் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்களைப்போல் இளையவர்.

“இதுக்கு முன்னாடி மயக்கம் வந்திருக்காம்மா?”

“இல்ல டாக்டர். எனக்கு ஒரு வியாதியும் கிடையாது. என் நாடி நாற்பத்து நாலு. எங்க பூங்காவிலேயே நான்தான் முதல்.”

அவர் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “வேகமா நடந்து முடிச்ச உடனே பாத்தா எவ்வளவு இருக்கும்?”

“அப்பவும் அதேதான். ஏறவே ஏறாது” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

“அதாம்மா பிரச்சினை.”

ஓட்டப்பந்தய வீரர்களின் இதயமும் ஓய்வாக இருக்கும்போது மெதுவாகத்தான் துடிக்குமாம். ஆனால் அவர்கள் ஓடத் தொடங்கினால் அதுவும் கூடவே வேகம் எடுக்கும். என் இதயம் நான் நடந்தாலும் உட்கார்ந்தாலும் ஒரே மாதிரி இருந்தது. இதயத்தின் மேல் அறைகளில் துடிப்புக்கான கட்டளை பிறக்கிறது. அது மின்கம்பி போன்ற ஒரு தசையிழை வழியாகக் கீழ் அறைகளுக்குப் போய்ச் சேரவேண்டும். எனக்கு அந்த வழி துண்டுபட்டிருந்தது. கட்டளை வராததால் கீழ் அறைகள் தாமாகவே, தமக்குத் தெரிந்த மெதுவான கதியில் துடித்துக்கொண்டிருந்தன. அன்று காலை அதையும் சில நொடிகள் நிறுத்திவிட்டன. இதற்குப் பெயர் இதய மின்தடை. ஹார்ட் பிளாக் என்பார்கள். ரத்தக்குழாயில் ஏற்படும் அடைப்பு வேறு. அந்த வித்தியாசத்தை எல்லோருக்கும் விளக்கி அலுத்துவிட்டது. சம்பத் சார் போனில் முதலில் கேட்டதே, “எத்தனை பிளாக்? எனக்கு மூணு இருந்துச்சு” என்றுதான். ஒன்றுகூட இல்லை என்றதும் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

“ஏன் டாக்டர் வந்தது?”

“பெரும்பாலும் வயசும்மா. வயரிங் பழசாயிடும்.”

“சாப்பாடு, மூச்சுப் பயிற்சி எல்லாம்?”

“நல்லதுதான். விட்டுடாதீங்க. ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.”

இந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு ஜீரணமாக நேரம் பிடித்தது. இத்தனை மாதமாக நான் ஊருக்கெல்லாம் காட்டிய பரிசுக்கோப்பை நோயின் அறிகுறியாக இருந்திருக்கிறது. வயதை நான் நன்றாக நடத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

பேஸ்மேக்கர் பொருத்தவேண்டும் என்றார்கள். தீப்பெட்டியைவிடச் சற்றுச் சிறிய கருவி. இடது காரை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைத்து, அதிலிருந்து மெல்லிய கம்பிகளை ரத்தநாளம் வழியாக இதயத்துக்குள் இறக்குவார்கள். மேலிருந்து கட்டளை வராதபோது கருவி கட்டளை கொடுக்கும். அதற்குக் காப்பீட்டு ஒப்புதல் வரவேண்டும், இன்னும் சில ரத்தப் பரிசோதனைகள் முடியவேண்டும். அதுவரை தற்காலிகமாக ஒரு கம்பியைக் கழுத்து வழியாக விட்டு, வெளியே ஒரு பெட்டியோடு இணைத்து என்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கவைத்தார்கள். கழுத்தைத் திருப்பக்கூடாது. படிக்கவும் முடியாது. கூரையில் இருந்த சதுரப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு, பக்கத்துத் திரைக்குப் பின்னால் யாரோ இருமுவதைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். பயம் இருந்தது. அந்தப் பெட்டியின் சிறிய பச்சை விளக்கு மினுங்குவது நின்றால் நானும் நின்றுவிடுவேன் என்ற எண்ணம் இரவுகளில் விடாமல் வந்தது. மல்லிகாவுக்கு உள்ளே இடமில்லை. வெளியே காத்திருப்போர் கூடத்தில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அனுமதிக்கும் நேரத்தில் வந்து, என் தலைமயிரைக் கோதி, இரண்டு பின்னலாகப் போட்டுவிட்டுப் போவாள். “ஸ்கூல் பொண்ணு மாதிரி இருக்க” என்று மட்டும் சொல்வாள். வேறு அதிகம் பேசவில்லை.

காப்பீட்டுக் கவுண்டரில் கார்த்திக் காத்துக்கிடந்தான். மறைந்த எங்கள் தம்பியின் ஒரே மகன். பழைய மகாபலிபுரம் சாலையில், நாவலூரில் வீடு. திங்கட்கிழமை பிற்பகல், ஒப்புதல் வந்துவிட்டது என்ற செய்தியோடு உள்ளே வந்தான்.

“நாளைக்குக் காலைல வச்சிடுவாங்க பெரியத்தை. டிஸ்சார்ஜ் ஆனதும் நேரா நம்ம வீட்டுக்கு. ரூம் ரெடி பண்ணிட்டோம். லிஃப்ட் இருக்கு, கீழ செக்யூரிட்டி இருக்கு, நாங்க இருக்கோம். மாடிப்படியெல்லாம் இனிமே வேணாம்.”

“ஒரு வாரம் இருக்கேன்.”

“ஒரு வாரம் இல்ல அத்தை. மொத்தமா வந்துடுங்க. சின்னத்தை சரின்னு சொல்லிட்டாங்க.”

கழுத்தைத் திருப்பக்கூடாது என்பதால் மல்லிகாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கார்த்திக் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, மாத்திரை வாங்கவேண்டும் என்று கிளம்பிவிட்டான். நல்ல பிள்ளை.

“என்ன கேக்காம சரின்னு சொன்னியா?”

“ஆமா.”

“நான் என் வீட்ட விட்டு வரமாட்டேன் மல்லி. என் புத்தகம், என் பூங்கா, குளத்தங்கரை எல்லாத்தையும் விட்டுட்டு, இருபதாவது மாடில உக்காந்து கீழ போற பஸ்ஸ எண்ணிக்கிட்டு இருக்க மாட்டேன்.”

“நீ வரவேண்டாம். நான் போறேன்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் பயமாக இருந்தது. கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து என் கண்ணுக்குத் தெரியும் பக்கத்துக்கு வந்து நின்றாள்.

“நீ விழுந்தது உனக்குத் தெரியாதுக்கா. எனக்குத் தெரியும். சத்தம் கேட்டு சமையல்கட்டுலேர்ந்து ஓடி வந்தேன். கூப்பிட்டா பதில் இல்ல. தூக்கிப் பாத்தேன், முடியல. தேவகிய கூப்பிட்டேன், ஓடி வந்துட்டா. கிரிலுக்கு அந்தப் பக்கம் நிக்கறா, கைய உள்ள விடறா, ‘தொறக்கா தொறக்கா’ங்கறா. நான் சுக்கு டப்பாவ கவுத்தேன். சாவி இல்ல.”

எனக்குப் புரியத் தொடங்கியது.

“அன்னிக்கு ஒண்ணாந்தேதி” என்றாள் மல்லிகா. “காலைலயே எடம் மாத்திட்ட. என்கிட்ட சொல்றதுக்குள்ள விழுந்துட்ட. பஞ்சாங்கம், அரிசி, பூஜை அலமாரி, உன் புத்தகமெல்லாம்கூட தட்டிவிட்டேன். ஒவ்வொரு வாட்டியும் ஓடி வந்து உன் மூக்குக்கிட்ட கைய வச்சுப் பாத்துட்டு மறுபடி தேடப் போனேன். கடைசில தேட முடியல. உன் தலைய மடில வச்சிக்கிட்டு உக்காந்துட்டேன். செல்வம் பிளேடு எடுத்துட்டு வந்து அறுக்கற சத்தத்த கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன். அந்த வீட்ல இனிமே உன்கூட தனியா இருக்க எனக்கு தைரியம் இல்ல. எங்க வச்ச? இப்பவாவது சொல்லு.”

நினைவு வந்தது. கதவுக்குப் பக்கத்தில், காலண்டருக்கு நேர் கீழே தொங்கும் கிழிந்த குடைக்குள். மார்ச் மாதத்தில் கிழிந்த குடையை எந்தத் திருடன் தொடுவான் என்று யோசித்து, என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு வைத்திருந்தேன். நான் விழுந்த இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும்.

“குடைக்குள்ள” என்றேன்.

மல்லிகா சிரிப்பாளோ என்று எதிர்பார்த்தேன். புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நர்ஸ் வந்து, நேரமாகிவிட்டது, வெளியே போகவேண்டும் என்று சொன்னார்.

அன்று இரவு முழுதும் நான் கருவியைப் பற்றி யோசிக்கவில்லை. நலமாக வாழ்வது பற்றி என்னிடம் ஓர் உரையே தயாராக இருந்தது. அதில் உணவு இருந்தது, உறக்கம் இருந்தது, வாசிப்பு இருந்தது. என்னோடு ஒரே வீட்டில் வாழ்கிறவளுக்கு என் முதுமை எப்படி இருக்கிறது என்ற கேள்வி மட்டும் இல்லை. யார் கையையும் எதிர்பார்க்காமல் இருப்பதை நான் சாதனை என்று நினைத்திருந்தேன். அந்தச் சாதனைக்கான காவல் வேலையை மல்லிகா செய்துகொண்டிருந்தாள். படுத்தபடியே தீர்மானித்தேன். வீட்டை விடமாட்டேன். அவளையும் விடமாட்டேன். இரண்டும் வேண்டுமென்றால் மாறவேண்டியது நான்.

செவ்வாய்க்கிழமை காலை கருவியைப் பொருத்தினார்கள். மரத்துப்போக ஊசி போட்டதால் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். தோளுக்குக் கீழே யாரோ பையில் எதையோ திணித்து மூடுவதுபோல் ஓர் அழுத்தம், அவ்வளவுதான். தூண்டுதலை ஏற்றிச் சோதித்தபோது இதயம் சட்டென்று வேகமெடுத்தது. வெகுநாளைக்குப் பிறகு கை விரல்கள் கதகதப்பானதை உணர்ந்தேன். “குறைஞ்சது அறுபதுல வச்சிருக்கோம்மா. அதுக்குக் கீழ விடாது. நடந்தா கூடும்” என்றார் மருத்துவர். பேட்டரி கிட்டத்தட்டப் பத்து வருடம் வருமாம். சில வாரங்களுக்கு இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, செல்போனை வலது காதில் வைத்துப் பேசவேண்டும்.

சாதாரண அறைக்கு மாற்றியதும் நான் முதலில் கேட்டது தேவகியை. மல்லிகா வியப்போடு போன் செய்தாள். மாலையில் தூக்குப்பாத்திரத்தில் இட்லியோடு வந்துவிட்டாள் தேவகி.

“இன்னாக்கா, உள்ள மிசின் வச்சிட்டாங்களாமே? என் கிரைண்டர் பக்கத்துல வந்தா ஷாக் அடிக்குமா?”

“அடிக்காது. கேட்டுட்டேன். தேவகி, கிரிலுக்கும் மரக்கதவுக்கும் ஒவ்வொரு சாவி உன்கிட்ட இருக்கட்டும்.”

அவள் தூக்கைக் கீழே வைத்தாள். “அய்ய! இத்தினி வருசமா நான் கேட்டுக்கினு கீறேன். நெஞ்சுல மிசின் வச்சாதான் குடுப்பியா?” பிறகு குரல் இறங்கியது. “அன்னிக்கு அந்தக் கிரில புட்சிக்கினு நின்னேன்க்கா. உள்ள நீ கட்டை மாதிரி கெடக்கற. கைய நீட்னா எட்ல. அத்த நெனச்சா இன்னும் தூக்கம் வர்ல.”

மல்லிகா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்காகத்தான் பேசினேன். புதுப் பூட்டின் இன்னொரு சாவி கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். பகலில் கிரிலுக்குப் பூட்டே கிடையாது. குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடமாட்டேன். மூச்சு வாங்கினால் மீட்டர் பார்க்கமாட்டேன், மூச்சு வாங்குகிறது என்று சொல்வேன்.

“இதெல்லாம் இங்க சொல்லுவ. வீட்டுக்குப் போனதும் மறந்துடுவ.”

“அப்ப நாவலூருக்கு மூட்டை கட்டு. நானே ஏத்தி விடறேன். ஆனா ஒரு மாசம் பாரு மல்லி. பாத்துட்டுப் போ.”

“ஒரு மாசம்” என்றாள் அவள். “பெட்டிய கட்டி வச்சிட்டுதான் இருப்பேன்.”

சொன்னபடியே செய்தாள். வீடு திரும்பியதும் அவளுடைய நீலப் பெட்டியில் துணிகளை அடுக்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தாள். கார்த்திக்கிடம் நிபந்தனையைச் சொன்னபோது பெருமூச்சு விட்டான். சனிக்கிழமை தோறும் வந்து பார்த்துவிட்டுப் போனான்.

நான் வீடு திரும்பிய அன்று, முதல் மாடித் திருப்பத்தில் மீட்டர்களுக்கு அருகில் ஓர் ஆசனம் கிடந்தது. தங்க வர்ணம் அடித்து, இரண்டு பக்கமும் சிங்கமுகம் வைத்தது. ஏதோ அரசவைக் காட்சிக்குச் செய்து மிஞ்சியதாம். செல்வம் வண்டியில் போட்டுக் கொண்டுவந்து, கால்களைக் குட்டையாக்கி வைத்திருந்தார்.

“பிளைவுட்தாம்மா. ஆனா ராஜா வேசம் போட்டவரே உக்காந்தது, தாங்கும். நீங்க பயப்படாம உக்காருங்க.”

போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்க, சிங்கமுகத்தில் கை வைத்து உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். மூச்சு வாங்குகிறது என்று உரக்கச் சொன்னேன். “கேட்டுச்சு, கேட்டுச்சு” என்றாள் மல்லிகா.

பூங்காவுக்கும் மெல்ல மெல்லப் போகத் தொடங்கினேன். “இப்ப எவ்வளவு?” என்று கேட்டார் சம்பத் சார். அறுபது என்றேன். “கம்பெனி செட்டிங்கா? அப்ப உங்கள போட்டில சேத்துக்க முடியாது.” சேரவேண்டாம் என்றேன். ஆனால் எல்லோரையும் எழுப்பி ஒரு சுற்று வேகமாக நடக்கவைத்து, திரும்ப வந்து பார்க்கச் சொன்னேன். நடந்தும் எண் ஏறாதவர் அன்றே மருத்துவரிடம் போகவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் ஏறியது. சம்பத் சாருக்கு நூறைத் தாண்டியது. அவர் வருத்தப்பட்டார். நான் கை தட்டினேன்.

பங்குனித் திருவிழா வந்தது. அறுபத்து மூவர் உலா அன்று கூட்டத்தில் இறங்க எனக்கு அனுமதி இல்லை. என் ஆசனத்திலேயே உட்கார்ந்து, மாடிப்படி ஜன்னல் வழியாக மேளச் சத்தத்தைக் கேட்டேன். தேவகியோடு போன மல்லிகா, எனக்கு ஒரு டம்ளர் நீர்மோர் வாங்கிக்கொண்டு வந்தாள். பாதி வழியில் சிந்தியிருந்தது.

ஏப்ரல் ஒன்றாம் தேதி காலை எழுந்ததும், பழக்கத்தில் நேராக வாசலுக்குப் போனேன். சாவி ஆணியில் தொங்கியது. அதன்மேல் கை வைத்தேன். மல்லிகா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்கு ஒண்ணாந்தேதி” என்றாள்.

“தெரியும்.”

“அதுவும் ஏப்ரல் ஒண்ணு. உன்ன எப்படி நம்பறது?”

கையை எடுத்துக்கொண்டேன். மார்ச் மாதத் தாளைக் கிழித்து மடித்தேன். அப்போது வெளியே கிரில் திறக்கும் சத்தமும், பிறகு மரக்கதவில் சாவி நுழையும் சத்தமும் கேட்டன. இருவரும் கதவையே பார்த்தோம். கதவு திறந்தது. மாவுப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தேவகி நின்றாள்.

“ஒண்ணுமில்லக்கா. சாவி வேல செய்தான்னு பாத்தேன்.”

மல்லிகா சிரிக்கத் தொடங்கினாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தேவகி ஒன்றும் புரியாமல் அவளையும் என்னையும் பார்த்துவிட்டு, மாவை மேடையில் வைத்துவிட்டு, கூடத்து நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்தாள். நான் பயந்தபடியே நடந்தது. வெகுநேரம் அவள் எழுந்து போகவில்லை.

அவள் போனபின் மல்லிகா நீலப் பெட்டியைத் திறந்து, துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். காலிப் பெட்டியைப் பரண்மேல் வைக்க ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நான் உதவப் போனேன்.

“இடது கைய தூக்காத” என்று அதட்டினாள். “ஸ்டூல மட்டும் பிடி.”

பிடித்துக்கொண்டேன்.